“ஒண்ணுமில்ல” என்றவரை அப்படியே விடாதவர்களுக்கு

பெங்களூரு பீன்யா ஷெட்டில் என் வீட்டுக்காரரோடு வேலை செய்யும் அண்ணன்மாருக்கும், லக்கெரேயில் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

அவர் பிழைத்துக்கொண்டார். எழுந்து நடக்கிறார்.

கிரேனில் தொங்கிய இரும்புத் தகடு ஆடி வந்து அவர் பொட்டில் அடித்தது. காண்ட்ராக்டர் கொடுத்த ஹெல்மெட்டில் தாடை வாரே கிடையாது. அடிபடும் முன்பே அது கழன்று விழுந்திருக்கிறது. அவரோ தானாக எழுந்து, தண்ணீர் குடித்து, “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று மறுபடி வெல்டிங் பக்கம் போயிருக்கிறார். துளி ரத்தம் இல்லை. வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். ஃபிட்டர் அண்ணா, நீங்கள் மட்டும் அவரை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். சொன்னதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும், வாந்தி எடுத்ததும், யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

பொட்டெலும்பு மெலிசு, அது விரிசல் விட்டால் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் கிழிந்து மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் நடுவில் ரத்தம் கட்டும் என்று நிம்ஹான்ஸ் மூளை நரம்பு ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். அது மூளையை அழுத்தும் வரைக்கும் ஆள் நன்றாகவே பேசுவாராம். அன்று வீட்டில் படுத்திருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பார். சிடி ஸ்கேன் எடுத்த கையோடு ஆபரேஷன் செய்த டாக்டர்களுக்கும், கன்னடம் தெரியாத எனக்கு ஒவ்வொன்றையும் தமிழில் சொன்ன சிஸ்டருக்கும் என் கும்பிடு.

காண்ட்ராக்ட் ஆளுக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு கிடையாது என்று ஒருவர் கையை விரித்தபோது, பக்கத்து வீட்டு அக்காதான் ஆபீஸ் வரை கூட வந்தார். வேலையில் அடிபட்டால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு, வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அந்தப் பணத்தில்தான் இப்போது அடுப்பு எரிகிறது அக்கா.

அதற்குப் பிறகு நீங்கள் எல்லோரும் சேர்ந்து நின்று, தொழிற்சாலை ஹெல்மெட்டுக்கான ஐஎஸ் 2925 தர முத்திரையும் தாடை வாரும் உள்ள ஹெல்மெட் வந்த பிறகே கிரேன் பக்கம் போனீர்களாம். தகட்டின் ஓரத்தில் கயிறு கட்டி, ஆடாமல் தள்ளி நின்று பிடிக்கிறீர்களாம். எனக்குச் செய்த உதவியைவிட இது பெரிது. உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்திகூட நான் நின்ற அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கக் கூடாது.

அவருக்கு இன்னும் தலைவலி இருக்கிறது, பெயர்கள் மறக்கின்றன, சட்டென்று கோபம் வருகிறது. காயம் ஆற ஆறக் குறையும் என்கிறார்கள். பார்க்க வரும்போது வெடுக்கென்று ஏதாவது சொன்னால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.