நீ அன்னைக்கு கேட்ட பிரிசம்

பாப்பா,

போன் எடுக்கலன்னு கோவம் இல்ல, வேலை இருக்கும். உன் குரல் சரியில்லன்னு அம்மாதான் சொல்லிட்டே இருக்கா, எனக்கு அப்படி ஒண்ணும் தோணல. நேரத்துக்கு தூங்கு.

எனக்கு ஒண்ணு ரெண்டா தெரியுதுன்னு போய் காட்டினேன், கண்ணாடியில பிரிசம் வச்சு குடுத்துட்டாங்க, அதான் ஒளியை வளைக்கற கண்ணாடித் துண்டு. பயப்படாத, ரெண்டு கண்ணும் ஒரே எடத்தை பாக்க மாட்டேங்குது, அவ்வளவுதான். சீட்டுல 4 பிரிசம் டயாப்டர், அதாவது 1 மீட்டர் தூரத்துல ஒளி 4 சென்டிமீட்டர் விலகுமாம், அதுல ரெண்டு உருவமும் ஒண்ணா சேந்துடுது. முக்கோண கட்டியா மூக்கு மேல உக்காரும்னு நெனச்சேன், பாத்தா சாதா கண்ணாடிதான், ஒரு ஓரம் மட்டும் தடிமன்.

அப்புறம் அந்த வார்த்தையை தோண்ட ஆரம்பிச்சேன். கிரேக்கத்துல அறுத்த துண்டுன்னு அர்த்தமாம். தமிழ்ல பட்டகம். கணக்குல வர்ற பட்டகத்துக்கு கண்ணாடியே வேணாம், ரெண்டு முனையும் ஒரே அளவு பலகோணமா இருந்து, பக்கமெல்லாம் வளையாம நேரா போனா போதும், தீப்பெட்டி கூட பட்டகம்தான். பைனாகுலர்ல இருக்கற பிரிசம் நிறம் பிரிக்காது, தலைகீழ் உருவத்தை நிமித்தி வைக்கும். 2013ல அம்பலமான அமெரிக்க உளவு திட்டத்துக்கும் இதே பேரு, என் போனை ஒட்டு கேட்டா அவங்களுக்கு ஒண்ணும் தேறாது, நீதான் பேசறதே இல்லையே.

நியூட்டன் 1672ல வெளியிட்டதை படிச்சப்போதான் சுருக்குன்னுச்சு. பிரிசம்ல பிரிஞ்ச ஒரு நிறத்தை மட்டும் ரெண்டாவது பிரிசம்ல விட்டாராம், அது மாறவே இல்ல. நிறமெல்லாம் வெள்ளை ஒளிக்குள்ளயே இருக்கு, கண்ணாடி எதையும் சேக்கல.

பிரிசம்ல நிறம் எப்படி வருதுன்னு நீ ஏழாவதுல கேட்டப்போ, கண்ணாடியில சாயம் இருக்கு, அது வெளிச்சத்துல ஒட்டிக்கும்னு சொன்னது நான்தான். எனக்கு தெரியாது பாப்பா. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல. நீ அதையே பரீட்சைல எழுதி, கிளாஸே சிரிச்சுதுன்னு அழுதுகிட்டு வந்தப்போ, ஒழுங்கா படிக்கலன்னு உன்னையே திட்டினேன். அதுக்கப்புறம் நீ என்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டதில்ல. இப்ப ஊருக்கே சொல்லி குடுக்கற, பெருமைதான், ஆனா மனசுல ஒண்ணுன்னா என்கிட்ட வர மாட்டேங்கறியே, அது எங்க ஆரம்பிச்சுதுன்னு இப்ப தெரியுது.

சீட்டுல பேஸ் அவுட்னு ஒண்ணு போட்டிருக்கு. எனக்கு புரியல, நிஜமாவே புரியல. போன் பண்ணி சொல்லு, ராத்திரி எத்தனை மணியானாலும் பரவால்ல. இல்ல, நீ தூங்கு, காலைல பண்ணு.

அப்பா