சோழி பரப்பிக் கிரகணம் கணித்த சாமிநாதன் ஐயாவுக்கு

ஐயா,

வணக்கம். 1825-ல் மதராஸில் 'காலசங்கலிதம்' என்ற தடித்த புத்தகம் அச்சானது. எழுதியவர் லெப்டினன்ட் கர்னல் ஜான் வாரன். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி வைத்துச் சந்திர கிரகணம் கணித்துக் காட்டியதை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பஞ்சாங்கக்காரரின் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்: சாமி நாடன் சஷியா. எங்கள் காதில் அது சாமிநாதன் என்றே விழுகிறது. அதனால் அந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறோம்.

உங்களைப் பற்றி வாரன் எழுதியதில் பாராட்டும் உண்டு, குத்தலும் உண்டு. சித்தாந்தத்தில், அதாவது வானியல் கோட்பாட்டில், ஒரு சொல்கூட உங்களுக்குப் புரியாதாம். ஆனால் அசாத்தியமான ஞாபகசக்தியாம். மனதிலும் தரையிலும் கணக்கை ஒழுங்காக அடுக்கி வைப்பீர்களாம். இரண்டு நூற்றாண்டாக இந்த வரிகளைப் படிப்பவர்கள், முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு உங்களைக் கிளிப்பிள்ளை என்கிறார்கள், அல்லது இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு 'அந்தக் காலத்திலேயே எல்லாம் இருந்தது' என்று மார்தட்டுகிறார்கள். உங்கள் கை என்ன செய்தது என்று உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. இந்தக் கடிதம் அதைத்தான் பார்க்கிறது.

நீங்கள் மனப்பாடம் செய்திருந்தவை வாக்கியங்கள், எண்களை எழுத்துகளில் பொதிந்துவைத்த சிறு சொற்றொடர்கள். வரருசி செய்தது என்று வழங்கும் நிலாவுக்கான 248 வாக்கியங்கள். ஏன் 248? நிலா பூமியைவிட்டு மிகத் தொலைவில் இருக்கும் புள்ளி உச்சம். ஓர் உச்சத்திலிருந்து கிளம்பி மறுபடி உச்சத்துக்கு வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகும். ஒன்பது முறை வந்தால் 247.99 நாள், கிட்டத்தட்ட முழு எண். அதற்குள் நிலா மெதுவாக நடப்பதும் வேகமாக நடப்பதும் ஒன்பது சுற்று முடிந்துவிடும். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு வாக்கியம் என்று 248 வாக்கியம் இருந்தால் நிலாவின் நடை முழுக்கக் கைக்குள் வந்துவிடும்.

முதல் வாக்கியம் 'கீர்ந: ஸ்ரேய:'. கடபயாதி முறைப்படி சம்ஸ்கிருத எழுத்துக்கு எண் உண்டு. க வரிசை தொடங்கிப் பத்து எழுத்துக்கு 1 முதல் 9, பிறகு 0. ட வரிசையிலிருந்து மறுபடி அப்படியே பத்து. ப வரிசைக்கு 1 முதல் 5, ய முதல் ஹ வரை 1 முதல் 8. கூட்டெழுத்தில் கடைசி மெய்க்கு மட்டும் மதிப்பு. புள்ளி வைத்து நிற்கும் மெய்க்கு ஒன்றுமில்லை. இந்த வாக்கியத்தில் கிடைப்பது 3, 0, 2, 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 12 பாகை 03 கலை (கலை என்பது பாகையில் அறுபதில் ஒன்று). உச்சத்தைவிட்டு ஒரு நாளில் நிலா நகர்ந்த தூரம் அது. இரண்டாவது 'தேநவ: ஸ்ரீ:', 24 பாகை 09 கலை. கடைசி 'பவேத் ஸுகம்', 4, 4, 7, 2. திருப்பினால் 27 பாகை 44 கலை.

புதிதாகப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். தமிழ் எழுத்தில் ஒரே க. கடபயாதியில் அது நாலு எழுத்து, நாலு எண். 'ஸுகம்' என்பதில் வரும் க இரண்டாவது க, மதிப்பு 2. அதை முதல் க என்று எடுத்தால் 27 பாகை என்பது 17 பாகை ஆகிவிடும். நிலாவைப் பத்துப் பாகை பின்னுக்குத் தள்ளிவிட்டோம் என்று அர்த்தம்! 'பவேத்' என்பதன் ப நாலாவது ப. அதை முதலாவதாக எடுத்தால் 44 கலை என்பது 41 கலை ஆகும். இது அதைவிட ஆபத்து, ஏனென்றால் சின்னப் பிழை கண்ணில் படாது. தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தால் கணக்கு கெடும். ஆகவே கிரந்த எழுத்து வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியர் வாயிலிருந்து நேராகக் காதுக்கு வர வேண்டும். ஐயா, உங்கள் நாக்கு அந்த நாலு க-வையும் பிரித்துச் சொல்லியிருக்கிறது. 248 வாக்கியத்திலும். ஞாபகசக்தி என்று வாரன் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அதற்குள் இத்தனை இருக்கிறது.

இனி சோழி. சாக்பீஸால் தரையில் ஐந்து கட்டம் போட்டுக்கொண்டால் போதும்: ராசி, பாகையில் பத்து, பாகையில் ஒன்று, கலையில் பத்து, கலையில் ஒன்று. ஓர் எண்ணுக்கு அதிகம் போனால் 36 சோழி (11 ராசி 29 பாகை 59 கலை). கூட்டுவதற்கு இரண்டு வரிசை, ஆகவே 72 கையில் இருக்க வேண்டும். கடற்கரையில் சோழி கிடைக்காவிட்டால் புளியங்கொட்டை போதும். ஒன்றின் கட்டத்தில் பத்து சேர்ந்தால் எடுத்துவிட்டு இடப்பக்கம் ஒன்று. ஆனால் கலையின் பத்தில் ஆறு சேர்ந்தாலே ஒரு பாகை, பாகையின் பத்தில் மூன்று சேர்ந்தாலே ஒரு ராசி, ராசி பன்னிரண்டானால் அத்தனையும் தூக்கி எறிய வேண்டும். 10, 6, 10, 3, 12. கட்டத்துக்குக் கட்டம் மாறும் இந்த அளவைக் கை பழகும்வரை தவறு வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் கலையில் ஆறுக்குப் பதில் பத்து வரை காத்திருப்பதுதான் தவறு.

இந்த முறையின் பலவீனத்தை உங்களுக்கு முன்பே ஒருவர் இதே ஊரில் கண்டு எழுதியிருக்கிறார். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தீல். 1761-ல் அவர் வந்துசேருமுன் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது எதற்கும் உதவவில்லை. எட்டு வருடம் காத்திருந்து, இடிந்து கிடந்த கோட்டையின்மேல் கூடம் கட்டி, 1769 ஜூன் 4 காலை தொலைநோக்கியோடு நின்றார். மேகம் மூடிக்கொண்டது. அந்த ஏமாற்றத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அதே காலத்தில் தமிழரிடம் உட்கார்ந்து கிரகணக் கணக்குப் படித்தார் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. சோழிக் கணக்கு ஐரோப்பியக் கணக்கைவிட வேகம், ஆனால் போகப் போகக் கலைத்துவிடுவதால் திரும்பிச் சரிபார்க்க வழியில்லை, பிசகினால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எழுதினார். பிசகுவது அபூர்வம் என்றும் எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தில் தமிழ்க் கணக்கின் கால அளவு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தொபியாஸ் மாயரின் கணக்கு 68 விநாடி அதிகம்.

உங்கள் கணக்கு அவ்வளவு நெருங்கவில்லை, ஐயா. 1825 மே 31 இரவின் கிரகணத்துக்கு நீங்கள் சொன்ன நேரம், தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகியது. இதை மறைத்துவிட்டு உங்களைப் புகழ்வது உங்களுக்கு மரியாதை ஆகாது.

பிசகு எங்கே? நிலா சூரியனைவிட மணிக்கு ஏறக்குறைய 30 கலை முந்தும். 23 நிமிடம் என்றால் வானத்தில் 12 கலைகூட இல்லை, நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். பல நூற்றாண்டுக்கு முன் கட்டிய வாக்கியத்தில் இவ்வளவு விலகல் பெரிதல்ல. முடிவு அதிகம் பிசகியதற்குக் காரணம் கால அளவு குறைந்துபோனது. அதைக் கணிக்க, நிழலின் ஆரத்தையும் நிலாவின் ஆரத்தையும் கூட்டி வர்க்கமாக்கி, விக்ஷேபத்தின் வர்க்கத்தைக் கழித்து, மூலம் எடுக்க வேண்டும். விக்ஷேபம் என்பது நிலா சூரியப் பாதையைவிட்டு விலகி நிற்கும் தூரம். கூட்டுத்தொகை 60 கலை, விக்ஷேபம் 50 என்றால் விடை 33. விக்ஷேபம் 53 ஆனால் விடை 28. மூன்று கலைப் பிசகு தொடக்கத்தில் பத்து நிமிடத்தையும் முடிவில் பத்து நிமிடத்தையும் தின்றுவிடும். அதே மூன்று கலை, 5-க்கும் 8-க்கும் நடுவே என்றால் ஒரு நிமிடம்கூட மாறாது. நிழலின் ஓரத்தை உரசிப் போகும் கிரகணத்தில் எந்தக் கணக்கும் நடுங்கும்.

ராகுவிலிருந்து (நிலாவின் பாதை சூரியப் பாதையை வெட்டும் புள்ளி) நிலாவின் தூரம், நிழலின் அளவு, இவற்றில் எது உங்களிடம் பிசகியது என்று நீங்களே தேட ஏதுவாகச் சித்தாந்தம் தெரிந்திருக்கலாம் என்பதை வாரன் சார்பில் ஒப்புக்கொள்கிறோம். வாக்கியம் விடையைத் தரும், பிசகினால் ஏன் என்று சொல்லாது. சங்கமகிராமத்து மாதவன் 14-ஆம் நூற்றாண்டில் இதே 248 வாக்கியத்தையும் விகலை (கலையில் அறுபதில் ஒன்று) வரை திருத்தி எழுதினார். அவருக்கு அந்த 'ஏன்' தெரிந்திருந்தது. உங்களுக்குத் தெரிந்தது 'எப்படி'. வானியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபாவர் 1952-ல் உங்கள் எண்களைப் படித்தபோது அந்த 'எப்படி'தான் அவரைப் பிடித்து நிறுத்தியது. உங்கள் 248 நாள் பாபிலோனின் களிமண் பலகைகளில் இருந்தது. இரண்டாயிரம் வருடத்து எண் ஒன்று, 1825-ல் புதுச்சேரித் தரையில் சோழியாகக் கிடந்தது.

உங்கள் வழியில் ஒரு கணக்கு. 2028 டிசம்பர் 31, ஞாயிறு, சூரிய உதயத்தில் நிலா எங்கே? கலி பிறந்து அன்றைக்கு 18,73,671 நாள். உங்கள் கண்டம், அதாவது கணக்குத் தொடங்கும் நாள், 16,00,984 (அது 1282 மே 22). கழித்தால் 2,72,687. நிலா மறுபடி உச்சத்தை ஒட்டி வந்து நிற்கும் நாள்கணக்குகள் 12,372, 3,031, 248. இதை 12,372-ஆல் வகுக்க 22 போக மீதி 503. 3,031 அதற்குள் போகாது. 248 இரண்டு முறை போகும், மீதி 7. ஆகவே ஏழாம் வாக்கியம்.

12,372 நாளில் நிலா நகரும் 9 ராசி 27 பாகை 48 கலை 10 விகலையை 22-ஆல் பெருக்கிச் சுற்றுகளை எறிந்தால் 2 ராசி 11 பாகை 39 கலை. 27 பாகை 44 கலை இரண்டு முறை, 1 ராசி 25 பாகை 28 கலை. கண்டத்தின் துருவம், அதாவது அன்று நிலா இருந்த இடம், 7 ராசி 2 பாகை. மூன்றும் சேர்ந்தால் 11 ராசி 9 பாகை 7 கலை. ஏழு நாளில் நிலாவின் சராசரி நடை 92 பாகை. உச்சம் தாண்டிய ஏழாம் நாளில் அது ஏறக்குறைய முழு ஐந்து பாகை பின்தங்கியிருக்கும். ஆகவே 87. கூட்டினால் அன்று சூரிய உதயத்தில் நிலா மிதுனத்தில் 6 பாகை. மார்கழி நடுவில் சூரியன் தனுசில் 15, 16 பாகை. நேர் எதிரே நிற்க நிலாவுக்கு இன்னும் ஒன்பது, பத்துப் பாகை வேண்டும். நாளுக்குப் பன்னிரண்டு நெருங்குகிறது, ஆக முக்கால் நாள், 45 நாழிகை. அதாவது அன்று நள்ளிரவை ஒட்டி.

அந்த இரவு முழுச் சந்திர கிரகணம் இருக்கிறது. அதன் நடு நம் நேரத்தில் இரவு 10 மணி 20 நிமிடத்தை ஒட்டி வரும். தேசாந்தரமும் (ஊரின் தீர்க்கரேகைக்கான திருத்தம்) சூரியனின் ஸ்புடமும் (துல்லியமான இடம்) போடாத முரட்டுக் கணக்கே இரண்டு மணி நேரத்துக்குள் வந்து நிற்கிறது. மீதித் திருத்தங்களையும் போட்டு, மூன்று நேரத்தையும் முன்கூட்டியே தரையில் எழுதிவைத்துவிட்டுத்தான் அன்று கடற்கரைக்குப் போக வேண்டும், ஐயா. சோழியைக் கலைக்காமல்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து, உங்கள் கணக்கைப் பின்தொடர்பவர்கள்