கால் நடுங்குபவர்களுக்கும் செனகா எழுதினார்: ஆளுமைப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆளுமைப் பயிற்சி வகுப்பு எடுக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன வருடம் எங்கள் அலுவலகத்தில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இரண்டு நாள் வகுப்பு எடுத்தார். முதல் நாள் காலை கேள்வித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆளுக்கொரு பேட்ஜ், அதில் ஆட்களைக் குணப்படி வகை பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் முறைப்படி நான்கு எழுத்துகள். எனக்கு ஐஎன்எஃப்பி. மறுநாள் மன உறுதி பற்றிய பகுதியில் ஸ்டோயிக் தத்துவம் வந்தது; நம் கையில் இல்லாததற்குக் கலங்காமல் பகுத்தறிவின்படி வாழச் சொல்லும் பழைய கிரேக்க, ரோமச் சிந்தனை அது. திரையில் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் சிலை. "யோசித்து முடிவெடுக்கும் 'டி' எழுத்துக்காரர்களுக்கு இது தானாக வரும். 'எஃப்' எழுத்துக்காரர்கள் உணர்ச்சிவசப்படுகிறவர்கள். இதைப் போட்டு மனசை வருத்திக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு வேறு வழி சொல்கிறேன்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார்.

என் பக்கத்தில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மீட்டிங்கில் பேச எழுந்தாலே அவருக்குக் குரல் நடுங்கும். துப்பட்டா நுனியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே பேசுவார். அதுவரை வேகமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர், பேனாவை நோட்டுக்குள் வைத்து மூடிவிட்டார். அன்றிலிருந்தே இந்த மடலை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் அந்தச் சிலைக்குரியவரைப் பற்றி. மார்க்கஸ் இளைஞராக இருந்தபோது தன்னை வளர்த்த ஆசிரியர் இறந்ததற்கு அழுதார். அழக்கூடாது என்று அரண்மனை ஆட்கள் தடுத்தார்கள். அவரைத் தத்தெடுத்திருந்த பேரரசர் அன்டோனினஸ் பயஸ், "அவனை மனிதனாக இருக்க விடுங்கள். தத்துவமோ ஆட்சியோ பாசத்தைப் பறித்துவிடாது" என்று சொன்னதாகப் பழைய ரோம வரலாற்று நூல் ஒன்று சொல்கிறது. பின்னாளில் தனக்காக எழுதிவைத்த குறிப்புகளில், தன் ஆசான் ரஸ்டிகஸ்மீது அடிக்கடி கோபம் வந்ததையும், பின்னால் வருந்தும்படி எதுவும் செய்துவிடாமல் தப்பியதையும் மார்க்கஸே சொல்கிறார். இவருக்கு நீங்கள் எந்த எழுத்தைக் கொடுப்பீர்கள்?

அப்புறம் ரோம ஸ்டோயிக் தத்துவ அறிஞர் செனகா. லூசிலியஸ் என்ற நண்பருக்கு அவர் எழுதிய 124 கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. எல்லாம் கி.பி. 60களில் எழுதியவை. அதில் 11ஆவது கடிதம், லூசிலியஸுக்குத் தெரிந்த ஓர் இளைஞனைப் பற்றியது. செனகாவிடம் பேச வந்தவன் கூச்சத்தில் முகம் சிவந்து, தன்னைத் திரட்டிக்கொள்ளவே சிரமப்படுகிறான். செனகா அவனைக் குறைத்து மதிப்பிடவில்லை. இந்த முகச் சிவப்பு அவன் எல்லாக் குறைகளையும் களைந்து ஞானியான பிறகும் அவனோடு இருக்கும் என்கிறார். கூடப் பிறந்ததைப் பயிற்சியால் தணிக்கலாம், ஒழிக்க முடியாது என்பது அவர் கருத்து. எவ்வளவு உறுதியானவர்களுக்கும் கூட்டத்தைக் கண்டால் வியர்த்துக் கொட்டுவதையும், பேசப் போகும்போது சிலருக்கு முழங்கால் நடுங்குவதையும், பல் கிட்டுவதையும், நாக்கு குழறுவதையும் வரிசையாகச் சொல்கிறார். மாபெரும் தளபதி பாம்ப்பியே நாலு பேர் முன்னால் வந்தால் முகம் சிவந்துவிடுவாராம். அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் துப்பட்டா நுனிதான் நினைவுக்கு வந்தது.

இந்தத் தத்துவத்தைத் தொடங்கிய ஜீனோவே கூச்ச சுபாவம் உள்ளவர். சைப்ரஸ் தீவிலிருந்து வந்த வணிகர், கப்பல் உடைந்து ஏதென்ஸில் தங்கியவர். அவருடைய குரு கிரேட்டஸ் இந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டும் என்று ஒரு சட்டி பருப்புக் கஞ்சியைக் கொடுத்து, குயவர் பகுதி வழியாகத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். ஜீனோ வெட்கப்பட்டுச் சட்டியை மறைக்கப் பார்த்தார். கிரேட்டஸ் கைத்தடியால் சட்டியை உடைத்துவிட்டார். கால் வழியாகக் கஞ்சி ஒழுக ஜீனோ ஓட, "ஏன் ஓடுகிறாய், உனக்குப் பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்று பின்னாலிருந்து குரல். ஜீனோவுக்குப் பின் பள்ளியை நடத்திய கிளியாந்தஸ் மெதுவாகப் படிப்பவர், இரவில் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைத்துப் பிழைத்தவர். அவருக்குப் பின் வந்த கிரைசிப்பஸ் மின்னல் வேகம்: "முடிவை மட்டும் சொல்லுங்கள், அதற்கான நிரூபணத்தை நானே கண்டுபிடித்துக்கொள்கிறேன்" என்று ஆசிரியரிடமே சொன்னவர். மூன்று பேரும் மூன்று குணம், ஒரே பள்ளி.

வகை பார்ப்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்டோயிக்குகளே அதைச் செய்தார்கள், மிகக் கவனமாகச் செய்தார்கள். ரோட்ஸ் தீவின் ஸ்டோயிக் அறிஞர் பனேத்தியஸ் சொன்னதை, கி.மு. 44இல் ரோம அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசெரோ ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்கு எழுதிய நூலில் விளக்குகிறார். ஒவ்வொருவரும் நான்கு வேடம் பூண்டிருக்கிறோம். சிசெரோ எழுதிய லத்தீன் சொல் 'பெர்சோனா', நாடக முகமூடி. உங்கள் 'பெர்சனாலிட்டி' அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். முதல் வேடம், எல்லோருக்கும் பொதுவான பகுத்தறிவு. இரண்டாவது, அவரவர் சொந்த இயல்பு. மூன்றாவது, பிறப்பும் காலமும் தலையில் வைத்தது. நான்காவது, நாமே தேர்ந்தெடுத்த வாழ்க்கை. இரண்டாவதைப் பற்றிச் சொல்லும்போது சிசெரோ ஆட்களை அடுக்குகிறார்: லேலியஸ் கலகலப்பானவர், அவர் நண்பர் சிப்பியோ இறுக்கமானவர். சாக்ரடீஸ் விளையாட்டாகப் பேசுபவர், பெரிக்லீஸ் சிரிப்பில்லாமலே மதிப்பைப் பெற்றவர். இதில் எந்த இயல்பும் பழிக்கத்தக்கதல்ல, அடுத்தவர் இயல்பைக் காப்பியடிக்காமல் உன்னுடையதைப் பிடித்துக்கொள் என்கிறார்.

ஆனால் வரிசையைக் கவனியுங்கள். எல்லோருக்கும் பொதுவானது முதலில், தனி இயல்பு அதற்குப் பிறகு. எங்கள் வகுப்பில் இரண்டாவதை முதலிடத்தில் வைத்து, முதலாவதை 'எஃப்' வந்தவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். யோசிக்கும் திறன் ஓர் எழுத்துக்காரர்களின் சொத்தாகிவிட்டது. அந்த எழுத்தும் அவ்வளவு உறுதியானதல்ல. நடுக்கோட்டை ஒட்டி நிற்பவருக்கு ஓரிரு விடை மாறினாலே எழுத்து மாறிவிடும். சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதி வேறு வகையில் விழுபவர்கள் நிறைய. இந்த முறைக்கு அடிப்படையான நூலை 1921இல் வெளியிட்ட உளவியலாளர் கார்ல் யுங்கே, முழுக்க உள்முகமானவர் என்றோ முழுக்க வெளிமுகமானவர் என்றோ யாரும் இல்லை என்றவர்.

என் வேண்டுகோள் இரண்டுதான். எழுத்தைக் காட்டி யாரையும் ஒரு தத்துவத்தின் வாசலிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள். மார்க்கஸின் சிலையைக் காட்டும் அதே வகுப்பில் செனகாவின் 11ஆவது கடிதத்தையும் வாசியுங்கள். இரண்டு பக்கம்கூட வராது. என் பக்கத்தில் இருந்தவருக்காக அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நோட்டில் பேனா இருந்த அதே பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டார். உங்களுக்கும் ஒரு பிரதி வேண்டுமானால் கேளுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்பில் ஐஎன்எஃப்பி பேட்ஜ் அணிந்திருந்த ஒருவர்