சோலையில் கொட்டிய மண்ணை மழைக்கு முன் எடுத்துவிடுங்கள்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் சோலைக்காட்டுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு வணக்கம்.

எந்தச் சோலை என்று சொல்லத் தேவையில்லை. மூன்று மனுக்களிலும் எழுதியிருக்கிறோம். மேலே கட்டடத்துக்காக வெட்டிய மண்ணை ராத்திரியோடு ராத்திரியாக டிப்பரில் கொண்டுவந்து காப்புக்காட்டுப் பள்ளத்தில் தள்ளியிருக்கிறார்கள். ஊற்றுக்கண் மேலேயே கிடக்கிறது.

எங்கள் ஹட்டிக்கு, அதாவது எங்கள் மலையூருக்கு, குடிதண்ணீர் அந்த ஊற்றுதான். இப்போது குழாய் வாயில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டித்தான் பிடிக்கிறோம். குடம் பாதி நிறைவதற்குள் துணி செம்மண் அடைத்துக் கனத்துவிடுகிறது. அவிழ்த்து, அலசி, மறுபடி கட்ட வேண்டும். அலசுவதும் அதே தண்ணீரில்தான். அம்மா தேயிலை பறிக்கப் போவதற்குள் நான்கு குடம் பிடித்தாக வேண்டும்.

மண் கிடப்பது காட்டுக்குள் என்கிறது ஒரு அலுவலகம். கொட்டியது ரோட்டிலிருந்து என்கிறது இன்னொன்று. சரி, எல்லையை அப்புறம் அளந்துகொள்ளுங்கள். முதலில் மண்ணை எடுங்கள்.

சோலை மரங்கள் ஏன் மலை மடிப்பிலேயே நிற்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வெளியே புல்வெளியில் முளைத்தால் உறைபனி நாற்றைக் கருக்கிவிடும். அங்கே ஒரு காட்டுப் பூவரசு மரம் சாய்ந்தால், அந்த இடத்தை வெளிநாட்டிலிருந்து வந்த சீகை மரம் பிடித்துக்கொள்கிறது. சோலைக்குள் ஜூனில் குடித்த மழையைக் கோடை வரை சொட்டுச் சொட்டாக விடுவது மரத்தடி இலைமக்குதான். அதன் மேல்தான் இத்தனை லோடு மண்.

கோத்தகிரி லாங்வுட் சோலையை 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். அது 116 ஹெக்டேர். எங்களுடையது அதன் ஒரு மூலைக்குக்கூட வராது. சிறியது என்றால் காவல் வேண்டாமா? மலைக்கு வரும் கார்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறீர்கள். மலையை வெட்டி ஏற்றிப்போகும் லாரியை யார் கேட்கிறார்கள்? 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தளர்ந்த மண் மழையில் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் மழை இறங்கிவிடும். அதற்குள் மண்ணை எடுத்துவிடுங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்கிறோம். ஆள் இல்லை என்றால் ஊரே கூடையோடு வருகிறோம். ஆனால் காப்புக்காட்டுக்குள் மண்வெட்டியோடு நுழைந்தால் எங்கள் மேல்தான் வழக்கு வரும். அந்த அனுமதிக் கையெழுத்தையாவது இந்த வாரம் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டியில் தண்ணீர் பிடிக்கும் ஒருவன்