சிக்கனக்காரனுக்குத்தான் பித்துப் பிடிக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுகதைகளில் பித்துப் பிடித்து அழியும் பாத்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அவர்களையெல்லாம் ‘மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள்’ என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. இந்த வகைக் கதைகளுக்கு வழிகாட்டிய இரண்டு ரஷ்யக் கதைகளிலும் நாயகர்கள் கட்டுப்பாட்டுக்கே பேர்போனவர்கள்.

புஷ்கினின் ‘இஸ்பேட் ராணி’ (1834) ஹெர்மன் இரவெல்லாம் சீட்டாட்ட மேசையருகே உட்கார்ந்து பார்ப்பான், சீட்டைத் தொடமாட்டான். தகப்பன் விட்டுப்போன பணத்தின் வட்டியைக்கூட எடுக்காமல் சம்பளத்தில் மட்டும் வாழ்கிறவன். தவறாமல் வெல்லும் மூன்று சீட்டின் ரகசியம் ஒரு கிழவிக்குத் தெரியும் என்பது காதில் விழுந்ததும், அந்தக் கட்டுப்பாடு அப்படியே பித்துக்கு வேலைக்காரனாகிவிடுகிறது. கடைசியில் ஆட உட்காரும்போது முதல் பந்தயமாக வைப்பதும் தொடாமல் காத்த அதே 47,000 ரூபிளைத்தான்.

கோகலின் ‘மேல்கோட்டு’ (1842) இன்னும் நுணுக்கம். அலுவலகத்தில் நகலெடுக்கும் குமாஸ்தா அக்காக்கி அக்காக்கியெவிச்சின் ஆண்டுச் சம்பளம் 400 ரூபிள், கோட்டுக்கு வேண்டியது 80. செலவழிக்கும் ஒவ்வொரு ரூபிளுக்கும் ஒரு சில்லறைக் காசு உண்டியலில் போட்டே பாதியைச் சேர்த்து வைத்திருக்கிறான். மீதிப் பாதிக்காக மாலைத் தேநீர் நிற்கிறது, மெழுகுவத்தி ஏற்றுவதில்லை, செருப்பு தேயாமலிருக்கத் தெருக்கல்லில் நுனிக்காலால் நடக்கிறான், சலவைக்குத் துணி போடுவது குறைகிறது. பட்டினிகூடப் பழகிவிடுகிறது. வாசகன் பித்தை நம்புவது இந்த வரவுசெலவைப் பார்த்துத்தான். ‘அவன் வெறிகொண்டான்’ என்று கோகல் எழுதியிருந்தால் யார் நம்புவார்கள்?

கட்டுரை கவனிக்காத ஓரிடம் உண்டு. கோட்டை நினைத்துக்கொண்டே நகலெடுக்கும்போது அக்காக்கி ஒருமுறை பிழை செய்யப் பார்க்கிறான், ‘ஊ!’ என்று ஏறக்குறையக் கத்திவிட்டுச் சிலுவைக்குறி போட்டுக்கொள்கிறான். ஒரே வாக்கியம்தான். நகலெடுப்பதுதான் அவன் உயிர், சில எழுத்துகள் வந்தால் முகமே மலரும் என்று முன்பே சொல்லியிருப்பதால்தான் அந்த வாக்கியம் இவ்வளவு கனக்கிறது. பழைய பிரியத்தைப் புதியது இடம்பெயர்க்கிறது. இரண்டு பொருள்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாததுபோல, அசையாத இரண்டு எண்ணங்கள் ஒரு மனத்தில் இருக்க முடியாது என்று புஷ்கின் இதை நேரடியாகவே சொல்கிறார். செத்துப்போன அந்தக் கிழவியின் நினைவை மூன்று, ஏழு, ஏஸ் என்ற அந்த மூன்று சீட்டுகள் விரட்டிவிடுகின்றன. ஒல்லியான பெண்ணைக் கண்டால் ஹெர்மனுக்கு ஆட்டின் மூன்று, மணி கேட்டால் ‘ஏழுக்கு ஐந்து நிமிடம்’, தொந்திக்காரர்களெல்லாம் ஏஸ். இவ்வளவு நெருக்கமாக எழுதிவிட்டதால், ஹெர்மன் போய்ச் சேரும் பைத்தியக்கார மருத்துவமனையின் 17ஆம் எண் அறையை இரண்டு மூன்று வாக்கியங்களில் முடிக்க முடிகிறது.

நம் பக்கத்தில் இவ்வகைக் கதைகள் சறுக்குவது இந்த நடுப்பகுதியில்தான். முதல் பத்தியில் ஆசை, கடைசிப் பத்தியில் பைத்தியம். இடையில் பாத்திரம் எந்த வேளைச் சாப்பாட்டை விட்டது, எந்த நண்பனைப் பார்ப்பதை நிறுத்தியது என்று ஒரு வரிகூட இருக்காது. ஆசைப்பட்ட பொருளின் விலையும் தெரியாது, பாத்திரத்தின் வருமானமும் தெரியாது. இந்தப் பள்ளத்தை மூட, சிறுவயதுத் துயரம் ஒன்றைக் காரணமாகக் கொண்டுவருகிறார்கள். அது பித்து எங்கிருந்து வந்தது என்று விளக்கலாம். எப்படித் தின்கிறது என்பதைக் காட்டாது. அக்காக்கியின் சிறுவயதைப் பற்றி, பெயர் வைத்த கதையைத் தவிர, கோகல் ஒன்றும் சொல்வதில்லை.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். அடுத்த பகுதியில் பாத்திரங்களின் நோயை விட்டு, அவர்களுடைய செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டால் மகிழ்வேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர், தஞ்சாவூர்