டொராண்டோவில் பிறந்த துப்பாக்கிகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் இறந்துவிட்டார். அலமாரியில் ஒரு இங்கிலிஸ் ஹை-பவர் கைத்துப்பாக்கி. என்ன விலை போகும் என்று என்னிடம் கேட்டார்.

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் டொராண்டோவின் ஜான் இங்கிலிஸ் ஆலையில் இவற்றில் சுமார் ஒன்றரை லட்சம் செய்தார்கள். சீன ராணுவத்துக்கும் போயின, நம் கனடிய ராணுவத்துக்கும் வந்தன. தொடர் எண், மரத்தாலான உறைக்கட்டை (உறையாகவும் தோளில் ஊன்றும் கட்டையாகவும் பயன்படுவது), தேய்க்கப்படாத பழைய மேற்பூச்சு, இவைதான் மதிப்பைத் தீர்மானிக்கும். (தயவுசெய்து யாரும் மெருகேற்றிவிடாதீர்கள்!) ஆனால் 2022 அக்டோபர் 21 முதல் கனடாவில் தனிநபருக்குக் கைத்துப்பாக்கியை விற்க முடியாது, விதிவிலக்கு மிகச் சிலருக்கே. வாங்க ஆளில்லாத பொருளுக்கு என்ன விலை சொல்வது? மிஞ்சும் வழிகள்: உரிமம் பெற்ற வணிகர், அருங்காட்சியகம், ஏற்றுமதி, அல்லது இனி சுடவே முடியாதபடி செயலிழக்கச் செய்தல். கடைசி வழியில் சரித்திரமே வெட்டப்படுகிறது.

தெருவில் நடக்கும் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1946க்கு முன் செய்த ராணுவத் துப்பாக்கிகளை, உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள் கடும் கண்காணிப்பில் கைமாற்றிக்கொள்ள நாடாளுமன்றம் வழி திறக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு வாசகர்,
ஸ்கார்பரோ