ஒரு ஸ்க்ரூவுக்கு ஒரு நாளா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"கிளச் பிளேட் மாத்த ரெண்டு மணி நேரம்னீங்க, இப்ப நாளைக்கு வாங்கன்னா எப்படிண்ணே?" யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருப்பவர்கள் பலர் கேட்டுவிட்டார்கள். கேட்பது நியாயம்தான். பதிலை எழுதியே தருகிறோம். கிளச் பிளேட்டைத் தொட முதலில் அதன் மூடியான கிளச் கவரைக் கழற்ற வேண்டும், அதன் ஸ்க்ரூ இறுகிப்போய் வர மறுப்பதுதான் தாமதத்துக்குக் காரணம்.

1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி இது. கிளச் கவரும், அது பொருந்தும் இன்ஜின் உடலான கிரேங்க் கேஸும் அலுமினியம், அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ இரும்பு. இரண்டுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் இறங்கினால் அரிபடுவது அலுமினியம். கழற்றிய ஸ்க்ரூவின் மரையில் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். இறுக்கிப் பிடிப்பது அதுதான்.

தலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருந்தாலும் அது ஜப்பான் அளவு வெட்டு. சாதாரண ஸ்டார் டிரைவர் அதில் முழுசாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும். நாலு தடவை வழுக்கினால் பள்ளம் கிண்ணமாகிவிடும். பல வண்டிகள் அந்த நிலையில்தான் எங்களிடம் வருகின்றன.

முதலில் துரு இளக்கும் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுகிறோம். காலையில் ஸ்க்ரூ தலையில் தட்டை முனை இரும்புப் பஞ்ச் வைத்து சுத்தியலால் நாலு தட்டு. பிறகு இம்பாக்ட் டிரைவர்: பின்னால் சுத்தியலால் அடித்தால் அதன் முனை உள்ளே அழுந்துகிற அதே நொடியில் திரும்பும். "டக்" என்று ஒரு சத்தம் வந்தால் நிம்மதி, மிச்சம் கையாலேயே வரும். வராவிட்டால் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு கவரைச் சூடு பண்ணுவோம். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும்.

அதற்கும் மசியாததை டிரில் போட்டுத் தலையை மட்டும் எடுத்துவிடுவோம். தலை போனதும் கவர் வந்துவிடும், இழுவிசையும் விட்டுப்போகும். நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை வைஸ் கிரிப் குறடால் பிடித்தால் பெரும்பாலும் சுலபமாகத் திரும்பும். முறிந்த ஸ்க்ரூவில் ஓட்டை போட்டு, உள்ளே இறக்கித் திருப்பி எடுக்கும் ஈஸி அவுட்டை மட்டும் அவசரத்துக்கு எடுக்க மாட்டோம். முன்பு ஒருமுறை அது எங்கள் கையிலேயே ஓட்டைக்குள் முறிந்தது. டிரில் இறங்காத கடின எஃகு. வேறு கிரேங்க் கேஸ் எங்கள் செலவில் வாங்கிக் கொடுத்தோம்.

ஊற விடுவதற்கும் இம்பாக்ட் போடுவதற்கும் தனிக் கூலி இல்லை. டிரில் போட்டு, மரை போன இடத்தில் புது மரையாக ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் வைக்க வேண்டியிருந்தால் போனில் கேட்டுவிட்டுத்தான் தொடுவோம். திரும்பப் போடுவது தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் போல்ட், மரையில் துளி கிரீஸோடு.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். வீட்டிலோ வேறு பட்டறையிலோ முயன்று பார்த்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஓட்டையில் எம்-சீல் வைத்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதைச் சூடு பண்ணும் முறையே வேறு. சாயங்காலம் வண்டியை விட்டால் போதும், ராத்திரி ஊறிவிடும், மறுநாள் மதியத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய பழைய ஸ்க்ரூக்களைப் பொட்டலமாகக் கட்டித் தருகிறோம், நீங்களே பாருங்கள்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து